அவனால் வாசிக்க முடியாத தாள்

விசாரணையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை குறைவல்ல. கோயம்புத்தூர் ஓட்டோச் சாரதி மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவலும், அதைத் தழுவி வெற்றிமாறன் இயக்கி 2015இல் வெளியுலகுக்குக் காட்டிய 'விசாரணை' திரைப்படமும் நம்மவர் மத்தியில் பரவலாகப் பேசப்பட்டவை. இந்நாட்டில் 1971க்குப் பின் இரு மொழிகளிலும் வந்த சிறை அனுபவ எழுத்துகளும் கணிசமானவை. இவற்றை அடுத்தடுத்து வாசிக்கும் ஒருவர் ஒரு பொதுத்தன்மையை அவதானிக்கலாம். அவையனைத்தும் உடம்பைப் பற்றியவை. பொல்லு, குழாய், கயிறு, பிறகு தழும்பு. எழுத்தாளன் தழும்பை எண்ணிக் காட்டுகிறான். வாசகன் அதைச் சாட்சியமாக ஏற்றுக்கொள்கிறான்.

தழும்பே விழாத விசாரணையை நமது இலக்கியம் என்ன செய்யும் என்ற கேள்வி சில காலமாக என்னை அலைக்கழிக்கிறது. அதற்கான சொற்கள் நம்மிடம் இல்லை என்றே நினைக்கிறேன். இத்தனைக்கும் தழும்பு விழாமல் ஒரு மனிதனை உடைப்பது எப்படி என்பதை அரசுகள் இரகசியமாக ஆராய்ந்து, எழுதி, கைநூலாகத் தைத்து வைத்து அறுபது வருடங்களுக்கு மேலாகின்றன. அந்தக் கைநூலை ஓர் இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோல் வாசித்துப் பார்ப்பதும், அங்கிருந்து நமது வீட்டு வாசலுக்கு வருவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்காவின் சி.ஐ.ஏ. நிறுவனம் 1963 ஜூலையில் தயாரித்த 'குபார்க்' விசாரணைக் கைநூலையே குறிப்பிடுகிறேன். குபார்க் என்பது அந்நிறுவனம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட மறைபெயர். 1997இல்தான், அதுவும் பல இடங்களில் வரிகள் அழிக்கப்பட்ட நிலையில், அது வெளியே வந்தது. இதன் ஒரு வாரிசு 1983இல் இலத்தீன் அமெரிக்க நாடுகளின் பாவனைக்காக எழுதப்பட்டது. அதற்கு மனித வளத்தைப் பயன்கொள்வதற்கான பயிற்சிக் கைநூல் என்ற பொருளில் பெயரிட்டிருந்தார்கள். கல்வித் திணைக்களத்தின் சுற்றுநிருபம் ஒன்றுக்கும் இப்பெயரைச் சூட்டலாம். யாருக்கும் சந்தேகம் வராது.

குபார்க் கைநூலின் நடை ஆத்திரமற்றது. கைதியை அது திட்டுவதில்லை. ஆசிரியர் வழிகாட்டி ஒன்றின் பொறுமையோடு, வந்தவர் எந்த வகை ஆளுமை, எந்த வகைக்கு எந்த அணுகுமுறை பொருந்தும் என்று வகுத்துச் சொல்லிக்கொண்டு போகிறது. அதன் உத்திகளுக்கு இடப்பட்டுள்ள பெயர்கள் ஓர் இலக்கிய வாசகனைத் திடுக்கிடச் செய்பவை. கடுமையான அதிகாரியும் கனிவான அதிகாரியும் மாறி மாறி வரும் உத்திக்கு அமெரிக்கப் பத்திரிகைச் சித்திரக்கதை ஒன்றின் இரு பாத்திரங்களின் பெயர். இன்னொன்றுக்கு 'அற்புத உலகில் ஆலிஸ்' என்று பெயர். ஆம், நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே ஆலிஸ்தான். அர்த்தமில்லாத கேள்விகளைக் கேட்பது, குரலின் தொனிக்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லாமல் பார்த்துக்கொள்வது, ஒரு பதிலுக்குப் பொருந்தாத அடுத்த கேள்வியைப் போடுவது, இதை நாட்கணக்கில் தொடர்வது. மனிதன் அர்த்தத்தைத் தேடும் பிராணி. ஆகவே எதையாவது சொல்லியேனும் இந்தக் குழப்பத்துக்கு ஓர் ஒழுங்கை உண்டாக்கிவிட வேண்டுமென்று துடிப்பான், அப்போது அவன் பேசுவான் என்பதே கணக்கு. லூயிஸ் கரோலின் விளையாட்டு, குழந்தைக்கு அர்த்தத்திலிருந்து ஒரு விடுமுறை கொடுக்கிறது. அதே விளையாட்டை வெளியேறும் வாசலைப் பூட்டிவிட்டு ஆடினால் என்னவாகும் என்று இவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். இலக்கியம் மனிதனைப் பற்றி அறிந்துவைத்திருப்பதை அதிகாரம் கடன் வாங்கியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் கண்டதில்லை.

கைதியின் சொந்த உடுப்பைக் களைந்துவிட்டு அளவு பொருந்தாத உடுப்பைக் கொடுக்கச் சொல்கிறது கைநூல். தன்னுடைய உடுப்பில் மனிதன் தன்னையே உணர்கிறானாம். கடிகாரத்தை முன்னே பின்னே திருப்பி வைக்கலாம் என்கிறது. சாப்பாட்டை நேரங்கெட்ட நேரத்தில் கொடுத்து, பகலையும் இரவையும் பிரித்தறிய முடியாதபடி செய்யலாம் என்கிறது. இவ்விடத்தில் கைநூலை எழுதியவருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். நேரம் என்பது நமக்குக் கடிகாரத்தில் இருப்பதல்ல, வக்தில் இருப்பது. ஜன்னலில்லாத அறையில் சுபஹா மஃரிபா என்று தெரியாமல், கிப்லா எந்தப் பக்கமென்றும் தெரியாமல் இருக்கும் முஸ்லிமிடமிருந்து பறிக்கப்படுவது திசையுணர்வு மட்டுமல்ல. அவன் தன் இறைவனிடம் ஐந்து வேளை போகும் வழியை ஒருவர் கடிகாரத்தின் முள்ளைத் திருகி அடைத்துவிட்டுப் போகிறார். இதற்குத் தழும்பு எங்கே? சட்ட வைத்திய அதிகாரி எதை அளப்பார்?

வலியைப் பற்றி அக்கைநூல் சொல்லும் ஒரு விடயத்தையும் தவிர்த்துச் செல்ல முடியாது. வெளியிலிருந்து ஒருவர் தரும் வலியை மனிதன் எதிர்த்து நிற்கக்கூடும். ஆனால் அவனை நீண்ட நேரம் விறைப்பாக நிற்கச் சொன்னால், வலி அவனது சொந்தக் காலிலிருந்தே வருகிறது. தன்னைத் துன்புறுத்துபவன் தானே என்ற எண்ணம் அவனை உள்ளிருந்து அரிக்கிறது. வலியை விட வலி வரப்போகிறது என்ற அச்சமே அதிகம் வேலை செய்யும் என்றும் அது எழுதி வைத்திருக்கிறது. பிள்ளைகளை வாங்கின் மேல் நிற்கவைத்த பாடசாலைகளில் படித்த தலைமுறையினருக்கு இதைப் புரிந்துகொள்ள விரிவுரை தேவையில்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இங்கு நினைவுக்கு வருகிறது. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் எப்படித் தெரிகிறது என்பதே மெய்ப்பாடு. எண்வகை மெய்ப்பாட்டுள் அச்சமும் இளிவரலும் அடங்கும். கவிஞன் அவற்றைக் கண்டு சொல்கிறான். குபார்க் அவற்றைத் தயாரிக்கிறது. அச்சத்தையும் இளிவரலையும் எந்த ஒழுங்கில், எந்த அளவில் ஊட்டினால் ஒரு வளர்ந்த மனிதன் குழந்தையாகித் தன் விசாரணையாளனைத் தகப்பனாகப் பார்க்கத் தொடங்குவான் என்பதே அதன் இலட்சியம். அறநெறி என்று அதில் தேடினால் கிடைப்பது ஒரு நிர்வாக விதி. உடலுக்குத் தீங்கு செய்வதற்கும், மருத்துவ, இரசாயன, மின்சார முறைகளைப் பயன்படுத்துவதற்கும் தலைமையகத்தின் முன்னனுமதி பெறவேண்டும். அவ்வளவுதான். பாவத்துக்குப் பதிலாக ஒரு கோவை இலக்கம்.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? 1950களின் தொடக்கத்தில் மொன்றியலிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப் என்ற உளவியலாளர் மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 20 டொலர் கொடுத்து, கண்ணுக்கு மங்கல் கண்ணாடி, கைக்கு உறை மாட்டிச் சிறு அறைக்குள் படுக்க வைத்தார். பார்க்கவும் கேட்கவும் தொடவும் எதுவுமில்லை. பெரும்பாலோர் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தாங்கவில்லை. இல்லாதவற்றைக் கண்டார்கள். கனடாவின் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சபையின் பணம் அது. சலிப்பூட்டும் வேலைகளில் மனிதன் எப்படி இயங்குகிறான் என்பதே ஆய்வின் நோக்கமென்று வெளியே சொல்லப்பட்டது. உண்மையான தொடக்கம் மூளைச்சலவை பற்றிய கவலைதான் என்பது பின்னரே வெளிப்பட்டது. ஹெப்பின் மாணவர்களாவது எழுந்து போகலாம். அதே நகரின் அலன் நினைவு மருத்துவ நிலையத்தில் இவென் கெமரன் என்ற உளமருத்துவரிடம் வந்தவர்கள் நோயாளிகள். மனச்சோர்வென்றும் பிரசவத்துக்குப் பிந்திய கலக்கமென்றும் குணந்தேடி வந்தவர்கள். அவர்களை வாரக்கணக்கில் மருந்தால் உறங்கவைத்து, ஒலிநாடாவில் ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்து, மின்னதிர்ச்சி கொடுத்து, மனத்தை அழித்து எழுதிப் பார்த்தார் அவர். 1957 முதல் சில வருடங்கள் சி.ஐ.ஏ.யின் பணம் ஓர் ஆய்வுச் சங்கத்தின் பெயரில் அவருக்கு வந்தது. நூரம்பேர்க்கில் நாஜித் தலைவர் ஹெஸ்ஸின் மனநிலையைப் பரிசோதிக்க அழைக்கப்பட்டவர்களில் இதே கெமரனும் ஒருவர். அந்நகரின் தீர்ப்பொன்றிலிருந்துதான், ஆய்வுக்கு உட்படுபவரின் சுயவிருப்பான சம்மதம் இன்றியமையாதது என்ற விதி 1947இல் உலகுக்குக் கிடைத்தது. 1992இல் கனடா அரசு கெமரனின் முன்னாள் நோயாளிகளில் 77 பேருக்குத் தலா ஓர் இலட்சம் டொலர் வழங்கியது. எம்.கே. அல்ட்ரா என்று 1953இல் தொடங்கிய இந்த ஆய்வுத் தொடரின் கோவைகளில் பெரும்பகுதியை 1973இல் சி.ஐ.ஏ.யின் அப்போதைய பணிப்பாளரே அழிக்கச் சொல்லிவிட்டார்.

ஆசிரியர் கலாசாலையில் கல்வி உளவியல் என்ற பாடத்தை நாங்கள் படித்தோம். பாவ்லோவின் நாய், தோண்டைக்கின் பூனை, ஸ்கின்னரின் எலி. கணிதத்தில் தொடர்ந்து தோற்கும் பிள்ளை ஒரு கட்டத்தில் முயற்சியையே கைவிட்டுவிடுவது ஏன் என்பதை விளக்க, 1967இல் மார்ட்டின் செலிக்மனும் அவரது சகாக்களும் நாய்களை வைத்துச் செய்த பரிசோதனை இன்று ஆசிரியர்களுக்குச் சொல்லப்படுகிறது. தப்பவே முடியாத மின்னதிர்ச்சியைப் பெற்ற நாய், பிறகு வாசல் திறந்திருந்தாலும் தப்ப முயல்வதில்லை. பிள்ளையைத் தூக்கிவிடுவதற்காக நாம் கற்ற இதே கோட்பாட்டை, 2002இல் ஜேம்ஸ் மிச்செல், புரூஸ் ஜெசன் என்ற இரு உளவியலாளர்கள் கைதிகளை வீழ்த்துவதற்காக எடுத்துக்கொண்டார்கள். அபூ ஸுபைதா என்ற கைதிக்கு ஒரே மாதத்தில் 83 தடவை நீரால் மூச்சடைக்கப்பட்டது. அவ்விருவரும் அதற்கு முன் ஒரு விசாரணையைக்கூட நடத்தியவர்களல்லர் என்றும், அவர்களது கம்பனிக்கு 81 மில்லியன் டொலர் கொடுக்கப்பட்டதென்றும், பெற்ற பயன் சொல்லப்பட்டபடி இல்லையென்றும் அமெரிக்க செனற் குழுவின் அறிக்கை 2014 டிசெம்பரில் கூறியது. தன் ஆய்வு இவ்வாறு பயன்பட்டதில் தனக்குப் பங்கில்லை என செலிக்மன் மறுத்திருக்கிறார். அதை நம்பலாம். ஆனால் விடயம் தனிமனிதரைப் பற்றியதல்ல.

இரகசியம் என்பதைத்தான் நான் இவ்விடத்தில் அழுத்த விரும்புகிறேன். ஓர் ஆய்வு அறிவாக மாறுவது மற்றவர்கள் அதை வாசித்து மறுக்கும்போதுதான். விமர்சனமற்ற இலக்கியம் எப்படிக் கெட்டுப்போகிறது என்பது இச்சஞ்சிகையின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரகசிய ஆய்வை விமர்சிக்க இருவரால்தான் முடியும். ஒருவர் சக அறிஞர். அவருக்கு அது காட்டப்படுவதில்லை. மற்றவர் அந்த அறைக்குள் இருந்த மனிதர். தன்மேல் நடப்பது ஓர் ஆய்வென்பதே அவருக்குத் தெரியாது. இவ்விருவரையும் வெளியே தள்ளிவிட்டு எழுதப்படும் தாள் எவ்வளவு விஞ்ஞான நடையில் இருந்தாலும் அது வதந்தியே. ஒழுக்கக்கேடும் அறிவுக்கேடும் ஒரே வாசலால் உள்ளே வருகின்றன.

ஒருகொடவத்தையில் எனது நானாவின் வீட்டு மேல்மாடியில் நண்பர்கள் சிலர் கூடியபோது இவற்றைப் பற்றிப் பேசினேன். கீழே கொள்கலன் லொறிகள் போய்க்கொண்டிருந்தன. ஓர் இளைஞர் கேட்டார். "சேர், கையே வெக்கல்ல, சாப்பாடும் குடுத்திருக்காங்க. அதப் போய் சித்திரவத எண்டா கோட்டுல யாரு நம்புவாங்க?" வயதில் மூத்த ஹாஜியார் ஒருவர் வேறொன்று கேட்டார். "மாஸ்டர், கொச்சிக்கடயில புள்ளயப் பறிகுடுத்த தாய்க்கு நீங்க என்ன பதில் சொல்ற?"

இரண்டும் நேர்மையான கேள்விகள். ஹாஜியாரின் கேள்வியை முதலில் எடுக்கிறேன். 2019 ஏப்ரல் 21இல் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலுள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்த சத்தத்தை மறக்க இப்பகுதியாருக்கு ஆயுள் போதாது. குண்டுதாரிகளில் ஒருவரது செப்புத் தொழிற்சாலை அயலிலுள்ள வெல்லம்பிட்டியிலேயே இருந்தது. எப்படி வேண்டுமானாலும் விசாரியுங்கள், உண்மை வெளியே வரட்டும் என்று அந்நாட்களில் நம்மவர்களும்தான் சொன்னார்கள். அதில் வஞ்சகம் இருக்கவில்லை. ஆனால் நடந்ததைப் பாருங்கள். தாக்குதல் வரப்போகிறது என்ற தகவல் ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து வந்துவிட்டது. யாரையும் இருட்டறையில் வைத்துக் கறக்க வேண்டிய தேவையின்றி மேசைக்கு வந்த தகவல் அது. அதன்மேல் நடவடிக்கை எடுக்கத் தவறியமைக்காகவே 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி ஒருவரை 100 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தது. அந்தத் தாய்க்கு மறுக்கப்பட்டது, கையிலிருந்த தாளை ஒழுங்காக வாசிக்கும் நிர்வாகம்.

இளைஞரின் கேள்விக்கான விடை ஒரு சொல்லில் இருக்கிறது. சித்திரவதைக்கு எதிரான 1984ஆம் ஆண்டு ஐ.நா. சமவாயம், உடல் சார்ந்ததோ உளம் சார்ந்ததோ கடுமையான வலி அல்லது துன்பம் என்று இரண்டு சொற்களைப் பாவிக்கிறது. அதனை நடைமுறைப்படுத்த இலங்கை இயற்றிய 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின் வரைவிலக்கணத்தில் வலி இருக்கிறது, துன்பம் இல்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. குழு இக்குறையைச் சுட்டிக்காட்டியிருக்கிறது. தமிழ் படிப்பிக்கும் ஒருவனுக்கு இது சின்ன விடயமல்ல. வலிக்கு ஓர் இடமுண்டு, இங்கே நோகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். துன்பத்துக்கு இடமில்லை, அதற்குக் கதைதான் உண்டு. ஆலிஸ் உத்தியும் திருப்பி வைத்த கடிகாரமும் வந்து குடியிருப்பது அந்த விடுபட்ட சொல்லின் இடத்தில்தான். 1971இல் வட அயர்லாந்தில் 14 பேரின் தலையை மூடி, சுவரோடு நிற்கவைத்து, இடைவிடாத இரைச்சலைக் கேட்கச் செய்து, உறக்கமும் உணவும் மறுத்தபோதும் சொல்லே பிரச்சினையானது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1978இல் அது மனிதாபிமானமற்ற நடத்தை என்றது, சித்திரவதை என்ற சொல்லை மறுத்தது. அந்த மறுப்பை 2002இல் வாஷிங்டனில் சட்ட ஆலோசனை எழுதியவர்கள் எடுத்தாண்டார்கள். சொற்களில் தாராளமாக இருப்பது அதிகாரத்துக்கு எப்போதுமே செலவு கூடிய காரியம்.

நம் நாட்டில் குபார்க் போன்ற கைநூலுக்கான தேவை குறைவு. சட்டமே அதன் வேலையைச் செய்கிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றில் செல்லும். அது பலவந்தமாகப் பெறப்பட்டதென்றால் கைதியே அதை நிரூபிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் இப்பிரிவைத் தொடவில்லை. நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு இதற்கு நிரந்தர உதாரணம். 1993இல் கைதான அவர் நான்காம் வகுப்புவரை படித்த தமிழ்த் தொழிலாளி. தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. பொலிஸார் ஒருவரே மொழிபெயர்க்க, வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சாகியது. தனக்கு விளங்காத அத்தாளில் பலவந்தமாகக் கைநாட்டு வைக்கச் செய்யப்பட்டதாக அவர் முறையிட்டார். 1995இல் 50 வருடச் சிறை, மேன்முறையீட்டில் 35 வருடம். அந்த வாக்குமூலத்தைத் தவிர வேறு சாட்சியம் இருக்கவில்லை. 2004 ஜூலையில் ஐ.நா. மனித உரிமைகள் குழு, நிரூபிக்கும் சுமையை அவர்மேல் ஏற்றியது தவறென்றது. 2006 செப்டெம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் அக்குழுவின் அபிப்பிராயம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று தள்ளிவிட்டது.

அந்தத் தாளை ஒரு பிரதியாகப் பாருங்கள். அதில் 'நான்' என்று பேசுவது சிங்கராசா. எழுதியது வேறொருவர். மொழிபெயர்த்தவர் மூன்றாமவர். கதைசொல்லி ஒருவனாகவும் ஆசிரியர் வேறொருவராகவும் இருப்பது நாவலில் அழகு. இங்கே கதைசொல்லிக்குத் தன் கதையை வாசிக்க முடியாது, ஆனால் அதன் முடிவை அவன்தான் அனுபவிக்க வேண்டும்.

நமது மரபு இவ்விடயத்தில் தெளிவானது. மக்காவில் சித்திரவதை தாங்காமல் இறைமறுப்பு வார்த்தையை உச்சரித்துவிட்டு அழுதுகொண்டு வந்த அம்மார் (ரலி) அவர்களின் நிகழ்வைத் தொட்டுத்தான் சூரத்துந் நஹ்லின் 106ஆவது வசனத்தை விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். உள்ளம் ஈமானில் நிலைத்திருக்க, நிர்ப்பந்தத்தில் நாவு சொன்னது அவர்மேல் குற்றமாகாது. பசியிலோ அச்சத்திலோ கட்டுண்டோ இருப்பவன் தனக்கெதிராகச் சொல்லும் வார்த்தையை நம்பலாகாது என்ற கருத்து உமர் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிக்கப்படுகிறது. அதில் அடி என்பது முதலில் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பசியும் அச்சமும் இடம்பெறுகின்றன. 1994ஆம் ஆண்டுச் சட்டம் விட்டுவிட்ட சொல் அங்கே இருக்கிறது. இதை நாம் ஜும்ஆ மேடைகளில் பெருமைக்காகச் சொல்கிறோமே தவிர, நம் ஊரில் எவருடைய வாக்குமூலத்தைப் பற்றிப் பேசும்போதும் எடுத்து வைப்பதில்லை. சிங்கராசாவுக்காக நம் பேனைகள் எத்தனை அசைந்தன என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

இந்தியாவில் இது வேறு வடிவம் எடுத்தது. ஊசி மூலம் சோடியம் பென்டதோல் ஏற்றி அரைமயக்கத்தில் கேள்வி கேட்பதும், மூளையின் மின்னலைகளைப் படம்பிடிப்பதும் பெங்களூரிலும் காந்திநகரிலும் தடயவியல் ஆய்வுகூடங்களில் வழக்கமாகின. ஹைதராபாத் மக்கா மஸ்ஜித் குண்டுவெடிப்பை அடுத்து 2007இல் பிடிக்கப்பட்ட முஸ்லிம் இளைஞர்களும் இதற்கு உட்படுத்தப்பட்டு, பிறகு குற்றமற்றவர்களென விடுவிக்கப்பட்டார்கள். 2010 மே 5இல் செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், சம்மதமின்றி இச்சோதனைகளைச் செய்யக்கூடாதென்று தீர்ப்பளித்தது. நாவு பேசாவிட்டாலும் மூளையைப் பேசவைப்பது ஒருவனைத் தனக்கெதிராகச் சாட்சி சொல்ல வைப்பதே என்பதுதான் அத்தீர்ப்பின் சாரம். சட்டநூல்களை வாசிக்கும் பழக்கமில்லாத இலக்கியகாரரும் அதை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

இனி நமது துறைக்கே வருகிறேன். மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த இளங்கவிஞரும் தமிழாசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே 16இல் கைதானார். 2017இல் அவர் வெளியிட்ட 'நவரசம்' கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புவதாகச் சொல்லப்பட்டது. பத்தொன்பது மாதங்கள் உள்ளே இருந்து, 2021 டிசெம்பரில் பிணையில் வந்து, 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார். கவிதைகள் சிங்களத்துக்குப் பெயர்க்கப்பட்டு அவற்றின்மேல் உளமருத்துவத் துறையினரின் அபிப்பிராயமும் பெறப்பட்டதாக அக்காலச் செய்திகள் தெரிவித்தன. பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் போன்ற தமிழறிந்தவர்கள் மூலத்தை வாசித்து, இவை வன்முறையை ஆதரிக்கும் கவிதைகளல்ல என்று எடுத்துச் சொன்னார்கள்.

சிங்கராசாவிடம் அவர் சொல்லாததை எழுதி வாங்கினார்கள். அஹ்னாபிடம் அந்தச் சிரமமும் இருக்கவில்லை. அவர் ஏற்கெனவே எழுதி அச்சிட்டுக் கொடுத்துவிட்டாரே! கவிதையே வாக்குமூலமாகியது. வாக்குமூலத்தில் 'நான்' என்றால் எழுதியவன்தான். கவிதையில் 'நான்' யாராகவும் இருக்கலாம். போரைப் பாடுபவன் போருக்கு ஆள் திரட்டுபவனல்லன். வீரச்சுவை ஒன்பதில் ஒன்று. உயர்தர வகுப்பில் அணியிலக்கணம் படித்த பிள்ளைக்குத் தெரியும் இது. ஆனால் ஒரு கவிதையை மொழிபெயர்ப்பில், துண்டு துண்டாக, அதை எழுதியவன் பூட்டிய அறையில் இருக்கும்போது, அவனிடம் ஒரு விளக்கமும் கேட்காமல் ஆராயும் நிபுணரின் முன் அந்த இலக்கணம் இல்லை. கெமரனின் நோயாளிக்கும் இந்தக் கவிஞனுக்கும் இடையில் எத்தனையோ வேறுபாடுகள் உண்டு. இருவரது உள்ளத்தையும் பற்றி ஒரு தாள் எழுதப்பட்டது, இருவருக்கும் அது காட்டப்படாமலே அதன்மேல் காரியம் நடந்தது என்பதில் மட்டும் வேறுபாடில்லை.

2019இல் ஹசலக்கவில் ஒரு பெண்ணின் உடுப்பிலிருந்த கப்பல் சுக்கானைத் தர்மச் சக்கரம் என்று வாசித்துக் கைது செய்தார்கள். அதே ஏப்ரலில் சிங்களச் சிறுகதையாளர் ஷக்திக சத்குமார தன் கதைக்காக விளக்கமறியலுக்குப் போனார். தவறான வாசிப்புக்கு இனபேதம் இல்லை. ஆனால் அவ்வருடம் ஒருகொடவத்தையில் எத்தனை அலுமாரிகள் இரவோடிரவாகக் காலியாகின என்பதை நானாவின் வீட்டிலேயே பார்த்தேன். அறபு எழுத்துள்ளவை முதலில் போயின. பிறகு, அறபு எழுத்தே இல்லாத தமிழ்க் கவிதைத் தொகுதிகளும் சஞ்சிகைகளும் போயின. யாரும் வந்து கேட்கவில்லை. கேட்கக்கூடும் என்பதே போதுமாக இருந்தது. வலியைவிட வலி வருமென்ற அச்சம் அதிகம் வேலை செய்யும் என்ற வரியை நான் பிற்பாடு அக்கைநூலில் வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த வெறும் தட்டுகள்தான்.

உளவியலாளருக்கு ஒரு முடிவு இருக்கிறது. தன் தலைவர்கள் சிலர் பாதுகாப்புத் திணைக்களத்தோடு ஒத்துப்போனதை 2015 ஜூலையில் வெளியான சுயாதீன அறிக்கை அம்பலப்படுத்திய பின், அமெரிக்க உளவியல் சங்கம் அடுத்த மாதமே தன் அங்கத்தவர்கள் தேசியப் பாதுகாப்பு விசாரணைகளில் பங்குகொள்வதைத் தடைசெய்தது. மொழிபெயர்ப்பாளருக்கு அப்படியொரு விதி நம்மிடம் இல்லை. பொலிஸ் நிலையத்திலோ விசாரணைப் பிரிவிலோ தமிழ்க் கவிதையைச் சிங்களமாக்கிக் கொடுப்பவர் தன் பெயரை அதன் கீழ் எழுத வேண்டும், மூலத்தை எழுதியவருக்கு அதன் பிரதி கிடைக்க வேண்டும், பிழையைச் சுட்டிக்காட்ட அவருக்குச் சந்தர்ப்பம் வேண்டும் என்று கேட்பதற்கு நமது எழுத்தாளர் அமைப்புகளுக்குச் சட்ட அறிவு தேவையில்லை. மொழியறிவு போதும். இரு மொழியும் தெரிந்த முஸ்லிம் எழுத்தாளர்கள் இந்நாட்டில் தாராளமாக இருக்கிறார்கள். அவர்களில் சிலர் சேர்ந்து அவ்வாறான மொழிபெயர்ப்புகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சிறு குழுவை அமைக்கலாம் என்ற யோசனையை ஒருகொடவத்தைக் கூட்டத்தில் வைத்தேன். இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கேள்வி கேட்ட அந்த இளைஞர் அதில் ஒருவர்.

'நவரசம்' தொகுப்பை நான் இங்கே வழக்குக் கோவையாகத்தான் தொட்டிருக்கிறேன். கவிதையாக அதை எடைபோடுவது வேறு வேலை. நீதிமன்றம் விடுதலை செய்ததற்காக எந்தக் கவிதையும் நல்ல கவிதையாகிவிடாது என்று வாதாடும் உரிமையும் அவருக்கு நாம் திருப்பிக் கொடுக்க வேண்டியவற்றில் ஒன்று. ஆசிரியர் இடம் தந்தால் அடுத்த இதழில் அதைச் செய்கிறேன்.